ஐந்து கூறுகள் போதும்

ஏப்ரல் 3, வியாழன்

நாச்சிமுத்து சார் காலையிலேயே அறைக்குக் கூப்பிட்டார். பல்லடத்தில் இருக்கும் ஒரு சின்ன நிறுவனத்தை எங்கள் நிறுவனம் வாங்கிவிட்டதாம். அவர்களும் எங்களைப் போலவே கோழிப்பண்ணைகளுக்கு மென்பொருள் செய்கிறவர்கள். ஷெட்டுக்குள் சூடு எவ்வளவு, மின்விசிறி ஓடுகிறதா என்று சென்சார் வைத்துப் பார்த்து, கோளாறு என்றால் பண்ணைக்காரர் போனுக்கு அலாரம் அடிக்கிற வேலை. ஒரே வேலைக்கு இரண்டு மென்பொருள் எதற்கு என்பது சாரின் கேள்வி.

"இருபத்தஞ்சாந் தேதி எனக்கு ஒரே ஒரு டிசைன் வேணும் கோகிலா. அவங்களுதா நம்முளுதான்னு நீங்களே முடிவு பண்ணுங்க. எது நிக்குதோ அந்த டீம் நிக்கட்டும்."

நிற்காத டீமில் இருப்பவர்கள் வீட்டுக்குப் போகவேண்டும் என்று அர்த்தம். அவர்கள் பக்கம் பதினொரு பேர்.

எனக்கு இது மலைப்பாகத் தெரியவில்லை. பதினெட்டு வருடமாக மென்பொருளுக்குக் கட்டமைப்பு வரைகிறேன். எந்தப் பாணியில் கட்டியதானாலும் பிரித்துப் போட்டால் உள்ளே இருப்பது அதே நாலைந்து சாமான்தான். இரண்டையும் பிரித்து ஒன்றாகக் கட்டி, ஒருத்தரையும் வீட்டுக்கு அனுப்பாமல் முடித்துக் காட்டுகிறேன், பார்க்கட்டும்.

அந்தப் பதினொரு பேருக்குத் தலைவர் தண்டபாணி. முன்பு எங்களோடு இருந்தவர்தான். ஆறு வருடம் முன்பு, சாமியாத்தாள் பண்ணை விவகாரம் முடிந்த கையோடு ராஜினாமா செய்துவிட்டுப் போனார். அவசரப்பட்டுவிட்டார் என்று நான் அப்போதே சொன்னேன். போனவர் அதன் பிறகு ஒரு போன்கூடப் பண்ணவில்லை. நன்றாக இருக்கிறார் போல என்று எடுத்துக்கொண்டேன்.

ஏப்ரல் 4, வெள்ளி

வாஷிங் மெஷின் பாதியில் நின்றுவிட்டது. மெக்கானிக் நாளைக்கு வருகிறேன் என்கிறார். இது அவர் சொல்லும் மூன்றாவது 'நாளைக்கு'.

ஏப்ரல் 7, திங்கள்

முதல் கூட்டம். தண்டபாணிக்கு முன்நெற்றி ஏறியிருக்கிறது. கட்டம் போட்ட சட்டை மட்டும் மாறவில்லை. அந்தக் காலத்தில் அவர் என்னைக் கோகிலா என்பார், நான் அவரை அண்ணா என்பேன். இன்று "வணக்கங்க மேடம்" என்றார். நானும் "வாங்க சார்" என்றேன்.

பத்தே நிமிடத்தில் சண்டை. எங்கள் பக்கத்து மனோகரன் ஆரம்பித்தான். "நம்முளுது அடுக்குப் பாணிங்க. மேல இருக்கறவன் தனக்கு அடுத்து கீழ இருக்கறவனத்தான் கேக்கோணும். ஒழுங்குன்னா அது."

அவர்கள் பக்கத்து ஷிரின் விடுவாளா? இருபத்தாறு வயது, குரல் மைக் வைத்தது போல இருக்கும். "உங்க ஒழுங்குல ஒருத்தன் தூங்கிப்போட்டா அத்தன பேரும் வரிசைல நிக்கோணும். எங்க பாணில சென்சார் கூவும். வேணுங்கறவன் கேட்டுக்குவான். ஆரும் ஆருக்காகவும் நிக்க வேண்டீதில்ல."

இரண்டு பக்கமும் கத்தி ஓயட்டும் என்று காபியை முழுசாகக் குடித்தேன். பிறகு வீட்டிலிருந்து கொண்டுபோன துணிக்கொடியைச் சுவரின் இந்த மூலைக்கும் அந்த மூலைக்கும் கட்டி, ஐந்து அட்டையைக் கிளிப் போட்டு மாட்டினேன். மென்பொருளுக்குள் ஒரு பகுதி இன்னொரு பகுதியோடு பேச ஐந்தே வழிதான் உண்டு. கேட்டுவிட்டுப் பதில் வரும்வரை நிற்கலாம். சொல்லிவிட்டு நிற்காமல் போய்விடலாம். எல்லோருக்கும் கேட்கும்படி கூவலாம். ஒரு பக்கம் வாங்கி, மாற்றி, மறுபக்கம் ஊற்றுகிற குழாயாக இருக்கலாம். இல்லையென்றால் நடுவில் ஒரு பலகையை வைத்து, வருகிறவன் எழுத, வேண்டியவன் படித்துக்கொள்ளலாம். அடுக்குப் பாணி என்று மனோகரன் மார்தட்டுவது கேட்டு நிற்பதும் பலகையும்தான், கூடவே படி தாண்டாதே என்று ஒரு விதி. ஷிரினுடைய கூவல் பாணிக்கு வேறு இரண்டு அட்டை, வேறு ஒரு விதி. அவ்வளவுதான் வித்தியாசம்.

"ஒரே மாவுதாங்க. இட்லியா ஊத்தறதா தோசையா ஊத்தறதாங்கறதுக்கா இத்தன சண்ட?" என்றேன்.

அதுவரை வாயைத் திறக்காத தண்டபாணி அப்போதுதான் பேசினார். "மாவு புளிக்கறதுக்கு நேரம்னு ஒண்ணு வேணுமுங்களே மேடம்."

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

ஏப்ரல் 8, செவ்வாய்

அருமையான நாள். அவர்களுடைய மென்பொருள் முழுவதையும் என் ஐந்து அட்டையாலேயே கொடியில் மாட்டிக் காட்டினேன். எங்களுடையதையும் மாட்டினேன். மதியத்துக்குள் மனோகரனும் ஷிரினும் ஒரே கிளிப்புக்கு அடித்துக்கொண்டார்கள், அதுவும் ஒரே பக்கம் நின்று. ஷெட்டிலிருந்து சூடு கூவி வரட்டும், பலகையில் பதியட்டும், அலாரம் பலகையைப் பார்க்கட்டும், பண்ணைக்காரர் போன் கேட்டு வாங்கட்டும். எந்தப் பாணி என்று பெயர் வைக்கத் தெரியாது, ஆனால் ரொம்ப நன்றாக இருக்கிறது. என்னை நானே தட்டிக்கொடுத்துக்கொண்டேன். வேறு யாருக்கும் அது தோன்றவில்லை.

ஏப்ரல் 10, வியாழன்

எல்லோரும் போன பிறகு தண்டபாணி ஒரு வெற்று அட்டையை எடுத்து 'இருக்கிறேன்' என்று எழுதிக் கொடியின் கடைசியில் மாட்டினார்.

"இது ஆறாவதுங்க மேடம். சென்சார் சூடு சொன்னாலுஞ் சொல்லாட்டியும், நிமிசத்துக்கு ஒருக்கா நான் இருக்கேன்னு சொல்லோணும். வர்லீன்னா அலாரம் அடிக்கோணும்."

"அது ரெண்டாவதுதானுங்களே? சொல்லிட்டுப் போறது. அதையே திருப்பித் திருப்பிச் சொல்றது."

"சொல்றது வேறீங்க. சொல்லாம இருக்கறதக் கவனிக்கறது வேறீங்க. உங்க அஞ்சுலயும் கடிகாரமே இல்லீங்க."

எனக்குக் கோபம் வந்தது. ஐந்தே போதும், ஆறாவது அந்த ஐந்திலேயே அடக்கம் என்று வீட்டுக்கு வந்து இரண்டு பக்கம் நிரூபணம் எழுதினேன். படித்துப் பார்த்தேன். நன்றாகத்தான் இருந்தது. பிறகு கிழித்துவிட்டேன், கையெழுத்து சரியில்லை.

நான் ஆபீஸிலிருந்து கிளம்பும் நேரத்தில் நாச்சிமுத்து சார் எட்டிப் பார்த்து, "தண்டபாணி டீம வெச்சுக்கற ஐடியாவெல்லாம் வேண்டாம் கோகிலா. அந்தாளு பேர்ல ஏற்கெனவே ஒரு கரும்புள்ளி இருக்குது" என்றார்.

கரும்புள்ளி என்பது சாமியாத்தாள் பண்ணை. அன்று மதியம் ஷெட்டில் கரண்ட் போனது, ஜெனரேட்டர் கிளம்பவில்லை. மின்விசிறி நின்றது. கூடவே சென்சார் பெட்டியும் அணைந்துவிட்டது. பலகையில் அது கடைசியாக எழுதிய இருபத்தெட்டு டிகிரி அப்படியே இருந்தது. அலாரம் பலகையைப் பார்த்தது, இருபத்தெட்டு, பேசாமல் இருந்தது. மூடிய ஷெட், மே மாத வெயில். அரைமணி நேரத்தில் ஆறாயிரம் கோழி செத்துப்போனது. கோடிங்கில் பிழை என்று விசாரணை அறிக்கையில் எழுதப்பட்டது. கோடிங் எழுதியவர் தண்டபாணி. இதெல்லாம் ஃபைலில் இருக்கிறது.

ஏப்ரல் 12, சனி

மெக்கானிக் ஒருவழியாக வந்தார். மெஷின் நின்றபோது ஏன் சத்தம் போடவில்லை என்று கேட்டேன். "வேல முடிஞ்சாத்தானுங்கக்கா பீப் அடிக்கும். நடுவுல நின்னுபோச்சுன்னா அதுக்கு என்னன்னு அடிக்கறது?" என்றார். பெல்ட் மாற்றினார். வாயடிக்கிற ஆள்.

ஏப்ரல் 14, திங்கள்

சித்திரைக் கனி. பாயசம், வடை, மாங்காய்ப் பச்சடி. பச்சடியில் வெல்லம் கொஞ்சம் தூக்கல்.

சாப்பிடும்போது என் வீட்டுக்காரர் ஈஸ்வரன், "தண்டபாணி வந்துட்டாருன்னு சொன்னீல்ல? குடும்பத்தோட ஒரு நாளைக்குச் சாப்புடக் கூப்புடலாமே" என்றார். பழைய நாளில் மாதம் ஒரு முறை வருவார்கள். ஈஸ்வரனுக்கு இப்போதும் தண்டபாணி மேல் பிரியம். வேலை தலைக்கு மேல் இருக்கிறது, இருபத்தைந்து முடியட்டும் என்றேன்.

"ஆறு வருசமா அதத்தான் சொல்றே" என்று இன்னொரு வடையை எடுத்துக்கொண்டார்.

ஏப்ரல் 16, புதன்

புதுக் கட்டமைப்பு எதுவானாலும் கோடிங் எழுதும் முன் அதை ஆட்களை வைத்து நடித்துப் பார்ப்பது எங்கள் டீமின் வழக்கம். ஆளுக்கொரு பகுதி. அட்டையில் இருக்கிற வழியில் மட்டும்தான் பேசலாம், ஜாடை காட்டினாலும் ஆட்டம் செல்லாது. இன்று கேன்டீனில் நடித்தோம்.

ஷிரின் சென்சார். அவளிடம் சூடு எழுதிய சீட்டுக் கட்டைக் கொடுத்தேன். நிமிடத்துக்கு ஒரு சீட்டைப் படித்துக் கூவ வேண்டும். மனோகரன் பலகை, கையில் வெள்ளைப் போர்டு. அலாரத்துக்கு எவர்சில்வர் தட்டும் கரண்டியும். சீட்டுக் குலுக்கியதில் தண்டபாணிக்குக் கோழி விழுந்தது. அவர் மேசையில் போய் உட்கார்ந்தார். நான் நடத்துகிறவள்.

அற்புதமாகப் போனது. இருபத்தேழு, இருபத்தெட்டு என்று ஷிரின் கூவ, மனோகரன் எழுத, போன் வேஷம் போட்ட பெண் கேட்டு வாங்க, நான் ஒவ்வொரு பாகமாகச் சுற்றி வந்து இவர்கள் எவ்வளவு அழகாகப் பேசிக்கொள்கிறார்கள் என்று விளக்கிக்கொண்டிருந்தேன். நல்ல மூடில் இருந்ததால் கொஞ்சம் நீளமாகவே விளக்கினேன்.

திடீரென்று தண்டபாணி மேசையில் தலையைச் சாய்த்தார்.

"செத்துப்போச்சுங்க" என்றார்.

எல்லோரும் சிரித்தார்கள். அலாரக்காரன், "இருபத்தெட்டுதானுங்களே சார், அதுக்குள்ள ஏனுங்க சாவறீங்க?" என்று போர்டைக் காட்டினான். அப்போதுதான் பார்த்தேன், ஷிரின் நாற்காலி காலி. வீட்டிலிருந்து போன் வந்து எழுந்து வெளியே போயிருக்கிறாள். பதினொரு நிமிடம் ஆகியிருந்தது. இருபது பேர் இருந்த இடம், ஒருத்தருக்கும் தெரியவில்லை. சீட்டுக் கட்டு மேசைமேல் அப்படியே இருந்தது. மேலே இருந்த சீட்டில் முப்பத்தொன்பது.

தண்டபாணி தலையை நிமிர்த்தவில்லை. சாய்ந்தபடியே என்னைப் பார்த்தார். கேலியும் இல்லை, கோபமும் இல்லை. நான் வடையும் டீயும் எல்லோருக்கும் சொல்லிவிட்டு ஆட்டத்தை முடித்தேன்.

ஏப்ரல் 17, வியாழன்

லீவு. தலைவலி. பரண் சுத்தம் செய்தேன்.

ஏப்ரல் 18, வெள்ளி

புனித வெள்ளி, விடுமுறை. பரணில் கிடைத்ததை எழுதாமல் விட்டால் இந்த டைரி எதற்கு?

அட்டைப் பெட்டியில் பழைய படம் ஒன்று இருந்தது. சாமியாத்தாள் பண்ணைக்குப் போட்ட முதல் கட்டமைப்பு. வரைந்தது நான். பலகைக்குப் பக்கத்தில் பென்சிலில் தண்டபாணியின் கையெழுத்து: 'எழுதிய நேரமும் வேண்டும். ஒரு நிமிடம் புதுசு வராவிட்டால் அலாரம்.' அதன் மேல் சிவப்புப் பேனாவில் ஒரு கோடு. பக்கத்தில், 'தேவையில்லை. எளிமையாக இருக்கட்டும். கோ.'

அந்தச் சிவப்புப் பேனா இன்னும் என் பையில்தான் இருக்கிறது. இந்தத் தாள் பரணில் இருப்பது எனக்குத் தெரியும். நேற்றுச் சுத்தம் செய்யத்தான் ஏறினேன் என்று எழுதியிருக்கிறேன், அது பொய். விசாரணை நடந்த வாரத்தில் நானேதான் ஆபீஸ் அலமாரியிலிருந்து எடுத்து வந்து பெட்டியில் போட்டேன்.

ஏப்ரல் 21, திங்கள்

புதுக் கட்டமைப்பை முதலில் வைக்கப்போகிற பண்ணைகளைப் பார்க்கப் பல்லடம் பக்கம் போனோம். தண்டபாணியும் நானும் ஒரே கார். வழியெல்லாம் வெயிலைப் பற்றிப் பேசினோம். மூன்றாவது பண்ணை சாமியாத்தாளுடையது என்று எனக்கு அங்கே போய் இறங்கும்வரை தெரியாது.

அறுபது வயதிருக்கும். தலையில் துண்டு, கையில் போன். தண்டபாணியைப் பார்த்ததும், "வா தம்பி, ஊட்ல அல்லாரும் சொகமா?" என்று மரத்தடியில் நாற்காலி போட்டு இளநீர் வெட்டிக் கொடுத்தார். என்னை யாரென்று அவருக்குத் தெரியாது. பட்டணத்துப் பெரிய ஆர்க்கிடெக்ட் என்று தண்டபாணி சொன்னார்.

"இந்தத் தம்பி ஒரு பொட்டி வெச்சுக் குடுத்துருக்குது பாருங்க" என்று போனைக் காட்டினார். கால்மணிக்கு ஒரு செய்தி. 'இருக்கேன்', 'இருக்கேன்', 'இருக்கேன்'. வேறு ஒன்றுமில்லை. "இது வர்லீன்னா சோத்தப் போட்டது போட்டபடி ஓடியாந்துருவேன். கோழி செத்த அன்னிக்குக் கலியாண ஊட்ல உக்காந்து போனப் பாத்துக்கிட்டேதான் இருந்தேன் கண்ணு. பச்சையாத்தான் இருந்துச்சு. பச்சையா இருக்குதேன்னு பந்தில உக்காந்துட்டேன்."

நான் இளநீரைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"ஆனா இந்தத் தம்பி நேரா வந்து, எம்மேலதான் தப்புங்கன்னு சொல்லிச்சு. பெரிய கம்பெனிலிருந்து வேற ஒருத்தரும் எட்டிப் பாக்குல. அதான் இதுகிட்டயே பொட்டி வாங்குனேன்."

திரும்பும்போது காரில் கேட்டேன், ஏன் அப்படிச் சொன்னீர்கள் என்று. அவர் சாலையைப் பார்த்தபடியே சொன்னார். "எழுதுனது நான்தானுங்களே மேடம். அந்த நேரக் கணக்கு இல்லாட்டி ஆவாதுன்னு தெரிஞ்சேதானே எழுதுனேன்."

இளநீர் நல்ல இனிப்பு.

ஏப்ரல் 22, செவ்வாய்

படத்தைத் திரும்ப வரைந்தேன். ஆறு கூறு. கட்டமைப்பு முன்னைவிட உறுதியாக நிற்கிறது, அதைச் சொல்ல எனக்கு வெட்கமில்லை.

ஏப்ரல் 25, வெள்ளி

பத்து மணிக்குக் கூட்டம். கொடியைக் கட்டினேன், ஆறு அட்டையை மாட்டினேன், நாற்பது நிமிடம் பேசினேன். என் வாழ்நாளில் இவ்வளவு நன்றாகப் பேசியதில்லை. எந்தப் பாணியையும் தேர்ந்தெடுக்க வேண்டாம், எல்லாப் பாணியும் இந்த ஆறிலிருந்தே வருவதால் தேவைக்குக் கட்டிக்கொள்ளலாம், இரண்டு டீமும் வேண்டும் என்றேன். நாச்சிமுத்து சார் தலையாட்டிக்கொண்டே இருந்தார்.

"எல்லாஞ் சரி கோகிலா. கட்டமைப்பு பிரமாதம். ஆனா தண்டபாணிய வெச்சுக்கறதுக்கு நான் ஒத்துக்க மாட்டேன். ஆறாயிரங் கோழி. பண்ணைக்காரங்க சங்கத்துக்கு நான் என்ன பதில் சொல்றது?"

இதற்குத்தான் பையில் தாளை வைத்திருந்தேன். எடுத்து அவரிடம் நீட்டினேன்.

"அந்த ஆறாவது கூறு இன்னிக்குக் கண்டுபுடிச்சதில்ல சார். ஆறு வருசத்துக்கு முன்னாலயே தண்டபாணி எழுதிக் குடுத்தாரு. அடிச்சது நான். விசாரணையப்ப இந்தத் தாள எடுத்துட்டுப் போயி வீட்ல ஒளிச்சு வெச்சதும் நான். கரும்புள்ளி எம் பேர்ல இருக்கோணும்."

மனோகரன் கொடியைப் பார்த்தான். நாச்சிமுத்து சார் தாளை வாங்கிக் கண்ணாடி போட்டுக்கொண்டு படித்தார். பெயரின் முதலெழுத்து போட்டுத்தான் அடித்திருக்கிறேன், மறுக்க வழியில்லை.

தண்டபாணி எழுந்து வந்து சாரின் தோளுக்கு மேல் எட்டிப் பார்த்தார். "இந்தத் தாளு உங்ககிட்டதான் இருந்துச்சுங்களா? நாலு நாள் அலமாரி அலமாரியாத் தேடுனேன்" என்றார்.

"எங்கிட்டதான் இருந்துச்சுங்கண்ணா."

அவர் வெளியே போய்விட்டார். அரைமணி நேரம் கழித்துத்தான் திரும்பி வந்தார். முகம் கழுவியிருந்தார்.

ஏப்ரல் 26, சனி

பேருந்து பிடித்துத் தனியாகப் பல்லடம் போனேன். சாமியாத்தாளிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் முழுசாகக் கேட்டார். பிறகு, "செரி, போயிட்டு வா" என்றார். இந்த முறை இளநீர் வெட்டவில்லை.

ஏப்ரல் 28, திங்கள்

முடிவு வந்துவிட்டது. இரண்டு டீமும் ஒன்று. யாரும் வீட்டுக்குப் போகவில்லை. பழைய அறிக்கை திருத்தப்படுகிறது. தலைவர் தண்டபாணி. என்னை அனுப்பிவிடத்தான் சார் நினைத்தாராம். வரைகிற கை வேண்டும் என்று தண்டபாணி கேட்டு வாங்கியிருக்கிறார். அவருக்குக் கீழே, ஷிரினுக்குப் பக்கத்து நாற்காலி. நான் வரைந்தால் நன்றாகத்தான் வரைவேன், நாற்காலி எங்கே இருந்தால் என்ன? இப்படி எழுதிவிட்டேனே தவிர, அறையைக் காலி செய்ய அரை நாள் எடுத்துக்கொண்டேன்.

அவர் போட்ட முதல் விதி: தினமும் காலை ஒன்பது மணிக்கு ஒவ்வொருத்தரும் வாட்ஸ்அப் குழுவில் 'இருக்கேன்' என்று ஒரு வார்த்தை போட வேண்டும்.

ஏப்ரல் 30, புதன்

வீட்டில் சம்ப் தொட்டி கழுவ ஆள் வந்திருந்தார். மோட்டாரைப் போடு, நிறுத்து என்று அவரோடு மல்லுக்கட்டியதில் மணியைப் பார்க்கவில்லை. போன் அடித்தது. ஒன்பது ஐந்து.

"ஏனுங் கோகிலா, சத்தத்தையே காணோம்? ஒண்ணும் பிரச்சன இல்லீங்களே?"

மேடம் இல்லை, கோகிலா. ஒன்றுமில்லைங்கண்ணா, இருக்கேன் என்றேன். செரி, வாங்க என்று வைத்துவிட்டார்.

ஈரக்கையோடு அப்படியே நின்றேன். அவர் ஐந்து நிமிடத்தில் கேட்டுவிட்டார். நான் ஆறு வருடம் கேட்கவில்லை. போனைத் துடைத்துக்கொண்டு ஈஸ்வரனைக் கூப்பிட்டு, ஞாயிற்றுக்கிழமை தண்டபாணி குடும்பத்தில் நாலு பேருக்கும் சேர்த்து நம் வீட்டில் சமைக்க வேண்டும், கோழி மட்டும் வேண்டாம், மட்டன் வாங்கி வாருங்கள் என்றேன்.